கிள்ளான் பள்ளத்தாக்கில் சினிமா: தொடக்க வரலாறு

கோலாலம்பூர், அதை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல், மேற்கே பெட்டாலிங் ஜெயா தாண்டிக் கிள்ளான் வரை நீளும் பகுதியில் படம் காட்டுவதும் எடுப்பதும் வேரூன்றிய வரலாறு இங்கே தொகுக்கப்படுகிறது. மலேசியத் திரைப்படத்தைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் 1930களில் சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட முதல் மலாய்ப் படத்திலிருந்து கதையைத் தொடங்குகின்றன. அந்தக் கணக்கில் 1960 வரை கோலாலம்பூருக்கு வேலையே இல்லை. தமிழர்களுக்கும் ‘இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள்’ என்ற ஒற்றை வரியோடு பங்கு முடிந்துவிடுகிறது. ஆனால் சினிமா இந்தப் பள்ளத்தாக்குக்குக் காட்சியாகவே முதலில் வந்தது. படம் எடுக்கும் கூடம் வருவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே படம் பார்க்கும் கூட்டம் இங்கே இருந்தது. எந்தப் படம் வரவேண்டும், எந்த மொழியில், எந்த நேரத்தில் ஓடவேண்டும் என்பதை அந்தக் கூட்டமே தீர்மானித்தது. ஆகவே இந்த வரலாற்றைக் கொட்டகையிலிருந்து தொடங்குவதே சரி; அப்படித் தொடங்கினால் தமிழர் அதன் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிடுகிறார்கள்.

கோலாலம்பூரில் நகரும் படம் முதன்முதலாக 1898-இல் காட்டப்பட்டது என்றும், விக்டோரியா அரசியின் வைர விழா ஊர்வலமே அந்தக் காட்சி என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. சிங்கப்பூரில் பஸ்ராய் என்ற இந்திய வணிகர் 1902 வாக்கில் ரிவர்வேலி சாலைப் பக்கம் கூடாரம் அடித்துப் படம் ஓட்டினார் என்பதும் பலர் ஏற்கும் செய்தி. இத்தகைய நாடோடிக் காட்சிக்காரர்கள் அன்றைய தமிழகத்திலும் இருந்தார்கள். திருச்சி ரயில்வேயில் வரைபடக்காரராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியை வாங்கி ஊர் ஊராகச் சென்று, பிறகு 1914-இல் கோயம்புத்தூரில் நிலையான அரங்கு கட்டியவர். மலாயாவில் இந்தக் கூடாரக் காட்சிகளுக்கு இடம் தயாராகவே இருந்தது. பம்பாயின் பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து 1880களில் பினாங்கில் எழுந்த பங்சாவான் என்னும் மலாய் இசை நாடகம், பல இனத்தாரும் சீட்டு வாங்கி ஒரே பந்தலுக்குள் உட்கார்ந்து பார்க்கும் பழக்கத்தை அதற்கு முன்பே உண்டாக்கியிருந்தது. படத்தை மலாய்க்காரர்கள் ‘வாயாங் கம்பார்’ என்று நாடகத்தின் பெயராலேயே அழைத்தார்கள்.

கோலாலம்பூரில் இன்றும் நிற்கும் மிகப் பழைய திரையரங்கு கொலீசியம். பத்து ரோடு என்று அழைக்கப்பட்ட இன்றைய ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் உள்ள இது 1920-இல் கட்டப்பட்டது என்றும் 1921-இல் திறக்கப்பட்டது என்றும் இருவிதமாகக் குறிக்கப்படுகிறது. கட்டியவர் சுவா செங் போக். 1899-இல் தொடங்கிய ‘சைக்கிள் அண்ட் கேரியேஜ்’ வணிகத்தின் நிறுவனர்களில் ஒருவர். கிரேக்க-ரோமானிய பாணித் தூண்களும் முகப்பு அலங்காரமும் கொண்ட கட்டடம். பக்கத்திலேயே ஹைனானியச் சமையல்காரர்களின் கைவண்ணத்தால் பெயர்பெற்ற கொலீசியம் கஃபே. அங்கே வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் கூடுவார்கள். சற்றுத் தள்ளி மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் தமிழ் முஸ்லிம்களின் துணிக்கடைகள். ஒரு சீனர் கட்டிய கூடம், ஐரோப்பியர் குடித்த விடுதி, தமிழர் கடை வைத்த தெரு, மூன்றும் கூப்பிடு தூரத்தில். காலனிய நகரம் ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனி வட்டாரம் ஒதுக்கிவைத்த காலத்தில், வகுப்புவாரியாக நாற்காலியைப் பிரித்தாலும் ஒரே கூரைக்கடியில் எல்லாரையும் உட்காரவைத்த இடங்களில் திரையரங்கும் ஒன்று. மௌனப் படம் இதற்கு உதவியது. சாப்ளின் சிரிக்கவைக்க மொழி தேவைப்படவில்லை.

பேசும் படம் வந்ததும் இந்த ஏற்பாடு குலைந்தது. 1931 அக்டோபர் 31-இல் முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ மெட்ராஸில் வெளியானது. அதன் பாத்திரங்கள் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் பேசினார்கள் என்பது தெரிந்ததே. அடுத்த சில ஆண்டுகளில் பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் கூடங்களில் எடுத்த தமிழ்ப் படங்கள், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஆட்களையும் சரக்கையும் கொண்டுவந்த அதே கப்பல் வழியில் மலாயாவுக்கு வரத் தொடங்கின. ஒரே கொட்டகையில் ஒரு வேளை ஆங்கிலப் படம், இன்னொரு வேளை சீனப் படம், வேறொரு நாளில் தமிழ்ப் படம் என்று நேரமும் கிழமையும் மொழிவாரியாகப் பிரிந்தன. மலிவுக் கட்டணப் பகல் காட்சி, நள்ளிரவுக் காட்சி என்ற வழக்கங்கள் இந்தப் பங்கீட்டுக்கு வசதியாக அமைந்தன. உள்ளூர்ப் படத்தொழில் இங்கே தாமதமாக எழுந்ததற்கும் இதுவே காரணம் என்று வாதிடலாம். மணிலாவில் ஹொசே நெப்போமுசெனோ 1919-இலேயே ‘தலாகாங் புகித்’ என்ற படத்தை எடுத்துவிட்டார். சர்சுவேலா என்னும் இசை நாடகமாக ஏற்கெனவே மக்கள் விரும்பிப் பார்த்த கதை அது. மெட்ராஸில் நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ 1916 என்றும் 1918 என்றும் சொல்லப்படும் ஆண்டில் வந்தது. அந்த நகரங்களில் படம் எடுப்பவர் யாருக்காக எடுக்கிறோம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கோலாலம்பூரிலோ எந்த மொழியில் எடுத்தாலும் முக்கால் வாசிக் கூட்டம் வெளியே நிற்கும். வெளியிலிருந்து ஆயத்தப் படங்களை வாங்கி ஓட்டுவதே முதலாளிக்கு லாபம்.

மலாயாவின் முதல் படம் எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பி.எஸ். ராஜ்ஹன்ஸ் இயக்கிய ‘லைலா மஜ்னுன்’ முதல் மலாய்ப் படம் என்று பெரும்பாலோர் கொள்வர். பம்பாயைச் சேர்ந்த மோத்திலால் கெமிக்கல் கம்பெனியின் சார்பில் எஸ்.எம். சிஸ்தி தயாரித்தது. எடுத்த ஆண்டைக் கொண்டு 1933 என்றும் திரையிட்ட ஆண்டைக் கொண்டு 1934 என்றும் குறிப்பார்கள். நடித்தவர்கள் பங்சாவான் மேடைக்காரர்கள். ஆனால் லியு பெய்ஜின் என்ற சீனர் எடுத்த ‘சின் கெ’ என்னும் மௌனப் படம் 1927-இலேயே சிங்கப்பூரில் திரையிடப்பட்டது. சீனாவிலிருந்து பிழைக்க வந்த ஒருவரின் கதை. முதல் படம் எது என்ற கேள்விக்கு, மொழியை அளவுகோலாகக் கொண்டால் ஒரு விடை, மண்ணை அளவுகோலாகக் கொண்டால் மற்றொரு விடை. இரண்டிலுமே கிள்ளான் பள்ளத்தாக்கு பார்வையாளர் பக்கம்தான் இருந்தது.

அந்தப் பக்கத்தின் பலத்தை 1930களின் கட்டுமானங்கள் காட்டுகின்றன. ஷாங்காயிலிருந்து 1920களின் நடுவில் வந்த ரன்மி ஷா, ரன் ரன் ஷா சகோதரர்கள் திரையரங்குகளையும் கேளிக்கைப் பூங்காக்களையும் ஒரே சங்கிலியாகக் கோத்தார்கள். கோலாலம்பூரில் அவர்களுடைய புக்கிட் பிந்தாங் பார்க், அதாவது ‘பிபி பார்க்’, படம், நாடகம், நடனம், சாப்பாடு எல்லாம் ஒரே வேலிக்குள் கிடைத்த இடம். அது 1970களில் இடிபட்டு அங்கே சுங்கை வாங் பிளாசா எழுந்தது. ஈய அதிபர் லோக் யூவின் குடும்பம் 1935-இல் அசோசியேட்டட் தியேட்டர்ஸ் என்ற நிறுவனத்தைப் பதிவு செய்து, 1936-இல் கோலாலம்பூரில் பெவிலியன் அரங்கைத் திறந்தது. பின்னாளில் கேத்தே நிறுவனமாகப் பெருகிய அந்த வணிகத்தின் தலைவர் லோக் வான் தோ கோலாலம்பூரில் பிறந்தவர். அதே ஆண்டுகளில் பத்து ரோட்டில் ஓடியன் எழுந்தது. ஆர்ட் டெகோ பாணியில் கூரிய செங்குத்துக் கோடுகளோடு நின்ற அந்த அழகிய கட்டடம் 2010களின் நடுவில் இடிக்கப்பட்டது பெரிய இழப்பு.

அரங்குகள் சீன முதலாளிகளுடையவை, எனவே இந்த வரலாற்றில் தமிழருக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். உடைமையை மட்டும் கணக்கிட்டால் இந்தக் கேள்வி நியாயமே. ஆனால் கொட்டகை நிற்பது சீட்டு வாங்குபவரை நம்பி. பிரிக்ஃபீல்ட்ஸிலும் செந்தூலிலும் ரயில்வே ஊழியர்களாகத் தமிழகத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் குடியேறியிருந்தார்கள். மாதச் சம்பளம் வாங்கிய அவர்கள் நகர அரங்குகளின் நிலையான கூட்டம். கிள்ளானைச் சுற்றி ரப்பர் தோட்டங்கள். 1920களின் இறுதியில் முக்கியப் பகுதிகளில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி வரையறுக்கப்பட்டு, பொருளாதார மந்தத்தில் அதுவும் வெட்டப்பட்டது. அந்தக் கூலியில் பட்டணம் போய்ப் படம் பார்ப்பது சிறிய செலவன்று. பணத்தைவிடப் பெரிய தடை தோட்டத்தின் எல்லை. 1941-இல் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் தோட்டத் தொழிலாளர் போராட்டத்தின் கோரிக்கைகளில், கூலி உயர்வோடு, துரைமாரைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை ஒழிப்பதும், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்கு வந்துபோகும் உரிமையும் இருந்தன. சினிமா பற்றி அந்தக் கோரிக்கைகள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் தோட்டக் குடியிருப்பான லயத்திலிருந்து பட்டணத்துக்குச் சைக்கிளில் போய் இரவு திரும்புகிற ஒரு பால்மரத் தொழிலாளிக்குப் படம் பார்ப்பது என்னவாக இருந்திருக்கும் என்பதை அவை தெளிவாகவே உணர்த்துகின்றன. தோட்டத்தின் அதிகாரம் செல்லாத சில மணி நேரத்தைத்தான் அவர் காசு கொடுத்து வாங்கினார். அந்தக் கூட்டத்தை நம்பிப் பிழைத்தவர்களிலும் தமிழர் உண்டு. அரங்க வாசலில் கடலையும் பயறும் முறுக்கும் காகிதப் பொட்டலத்தில் விற்ற ‘கச்சாங் பூத்தே’ வியாபாரம் ஏறக்குறைய தமிழர் கையிலேயே இருந்தது. ஈப்போ புந்தோங்கில் அந்தத் தொழிலுக்கென்றே பெயர்பெற்ற தமிழ்க் கிராமம் ஒன்று உண்டு. அவ்வூராரின் மூதாதையர் எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

ஜப்பானியர் ஆட்சியில் அமெரிக்க, பிரிட்டிஷ் படங்கள் தடைபட்டன. அரங்குகள் பிரச்சாரத்துக்குப் பயன்பட்டன. சிங்கப்பூர் கேத்தே அரங்கில் 1943 ஜூலையில் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை நேதாஜி ஏற்றார். அக்டோபர் 21-இல் அங்கேயே ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தார். போருக்கு முன் ஷா சகோதரர்களுக்கு மலாய்ப் படங்கள் எடுத்த ஹூ யாவ் 1942-இல் ஜப்பானியரால் கொல்லப்பட்டார்.

போருக்குப் பிந்திய இருபது ஆண்டுகளே மிக விரிவாகப் பதிவானவை. சிஸ்தியும் ராஜ்ஹன்ஸும் 1946-இல் ‘செருவான் மெர்டேகா’வோடு மீண்டும் வந்தார்கள். 1947-இல் ஷா சகோதரர்கள் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸைத் தொடங்கினார்கள். 1967-இல் மூடப்படும் வரை 150-க்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. 1953-இல் ஹோ ஆ லோக்கின் கெரிஸ் நிறுவனமும் லோக் வான் தோவின் கேத்தேயும் இணைந்து போட்டிக் கூடமாயின. பினாங்கில் பிறந்த பி. ராம்லி, ராஜ்ஹன்ஸ் இயக்கிய ‘சிந்தா’வில் 1948-இல் அறிமுகமானார். அவரைக் கதாநாயகனாக்கிய ‘பக்தி’ (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன், மெட்ராஸ் மாகாணத்தில் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, மெட்ராஸ் கூடங்களில் தொழில் கற்றுத் திரும்பியவர். எஸ். ராமநாதன் ‘ஜுவித்தா’வை (1951) இயக்கினார். போருக்கு முன்பே தமிழில் படம் இயக்கியிருந்த பி.என். ராவ் கேத்தே-கெரிஸுக்காக 1957-இல் ‘பொந்தியானாக்’ எடுத்தார். பிரசவத்தில் இறந்து பேயாகும் பெண்ணைப் பற்றிய மலாய் நம்பிக்கையைக் கொண்ட அந்தப் படம் பெரு வெற்றி பெற்று, கான்டோனிய மொழிக்கும் மாற்றப்பட்டது. கே.எல். சைகலை வைத்து ‘ஸ்ட்ரீட் சிங்கர்’ எடுத்த வங்காளி பணி மஜும்தார் 1956-இல் ‘ஹங் துவா’வை வண்ணத்தில் இயக்கினார், அது மறு ஆண்டு பெர்லின் விழாவுக்குச் சென்றது. இந்தியர் மட்டுமே வரவில்லை. ரமோன் எஸ்தெல்லா, லாம்பெர்தோ அவெல்லானா போன்ற பிலிப்பைன்ஸ் இயக்குநர்களும் இங்கே பணியாற்றினார்கள். ‘சார்ஜென்ட் ஹசான்’ (1958) அவெல்லானாவின் பெயரில் வந்தது. முன்னதாகவே படத்தொழில் வளர்ந்த மணிலா இப்போது கைத்திறனை ஏற்றுமதி செய்தது.

இந்த இயக்குநர்களைப் பற்றி இரண்டு எதிர்வாதங்கள் உண்டு. ராஜ்ஹன்ஸ் பஞ்சாபி, மஜும்தார் வங்காளி, ஆகவே இதைத் தமிழர் பங்களிப்பாகக் காட்டுவது மிகை என்பது முதலாவது. இது ஏற்கத்தக்கதே. கிருஷ்ணன், ராமநாதன் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களைத் தமிழ்க் கணக்கில் சேர்ப்பது வரலாற்றுக்கு உதவாது. இந்தக் கட்டுரையின் வாதமும் இயக்குநர்களின் எண்ணிக்கையைச் சார்ந்ததன்று. இந்திய மெலோட்ராமாவை, பாடல்களோடும் கண்ணீரோடும், மலாய்ப் பெயர் மாற்றி நகலெடுத்தார்கள், மலாய் வாழ்க்கை அவர்களுக்குத் தெரியாது என்பது இரண்டாவது. மலாய்க் கலைஞர்களே அன்று இதைச் சொன்னார்கள். 1952-இல் ஹாஜி மஹாடியும், 1955-இல் ‘பெனாரிக் பெச்சா’ மூலம் பி. ராம்லியும் இயக்குநர் நாற்காலிக்கு வந்ததற்கு இந்த அதிருப்தியும் ஒரு காரணம். இருந்தாலும் இது பாதி உண்மை. பாடலும் கண்ணீரும் கலந்த கதை சொல்லும் முறையை மலாய் ரசிகர்கள் திடீரென இந்திய இயக்குநர்களிடமிருந்து பெறவில்லை. பார்சி மரபில் பிறந்த பங்சாவானிலும், இருபது ஆண்டுகளாக இதே அரங்குகளில் ஓடிய இந்திப் படங்களிலும் தமிழ்ப் படங்களிலும் அது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. கூடத்தில் என்ன எடுக்கப்பட்டது என்பதைக் கொட்டகை முன்கூட்டியே முடிவு செய்துவைத்திருந்தது. பி. ராம்லியின் படங்களில் கதையும் பாட்டும் பின்னிக்கிடக்கும் விதமே இதற்குச் சான்று.

கோலாலம்பூர் வெறும் சந்தை, படைப்பு முழுவதும் சிங்கப்பூரில் நடந்தது என்ற கருத்துக்கும் ஒரு திருத்தம் தேவை. மலாயன் ஃபிலிம் யூனிட் 1946-இல் கோலாலம்பூரில்தான் நிறுவப்பட்டது. அரசின் செய்திப் படங்களையும் ஆவணப் படங்களையும் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் வருணனையோடு தயாரித்தது. அவசரகாலம் என்று அறியப்படும் 1948 முதல் 1960 வரையான ஆண்டுகளில், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களுக்கு எதிரான பிரச்சாரத்துக்காகத் தகவல் இலாகாவின் வண்டிகள் ஜெனரேட்டரும் திரையும் ஒலிபெருக்கியும் ஏற்றிக்கொண்டு, அரசு மக்களைக் குடியமர்த்திய புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் சென்றன. தோட்டத்துத் திடலில் வேட்டி அகலத் திரையை விரித்துக் காட்டிய இந்தப் படங்களின் நோக்கம் அரசியல்தான். ஆனாலும் பட்டணம் போக முடியாத முதியவர்களும் குழந்தைகளும் தமிழ்க் குரலோடு ஒரு மலாயாப் படத்தைப் பார்த்தது அவற்றில்தான். மெட்ராஸில் எடுத்த தமிழ்ப் படங்களில் அவர்களுடைய பால்மரமும் லயமும் வந்ததில்லை. ஃபிலிம் யூனிட் 1963-இல் ஃபிலிம் நெகாரா ஆயிற்று; 1965-இல் பெட்டாலிங் ஜெயாவில் புதிய வளாகம் பெற்றது.

கதைப் படக் கூடம் கோலாலம்பூருக்கு வந்தது 1960 வாக்கில். ஹோ ஆ லோக்கும் எச்.எம். ஷாவும் உலு கிள்ளானில் மெர்டேகா ஸ்டுடியோவைத் தொடங்கினார்கள். பிறகு அது ஷா சகோதரர்கள் கைக்குப் போயிற்று. பி. ராம்லி 1964-இல் சிங்கப்பூரை விட்டு இங்கே வந்து ஏறத்தாழ 18 படங்களை இயக்கினார். வசதி குறைந்த கூடம், கருப்பு-வெள்ளைப் படம், வண்ணத்துக்குப் பழகிவிட்ட ரசிகர்கள். கடைசிப் படம் ‘லக்சமானா டோ ரே மி’ 1972-இல் வந்தது; 1973 மே 29-இல் அவர் காலமானார். அந்த இடம் பிற்பாடு, 1981-இல் அமைக்கப்பட்ட தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸின் வளாகமாயிற்று.

கொட்டகைகளின் சரிவும் இதே காலத்தில் தொடங்கியது. 1963 டிசம்பரில் தொலைக்காட்சி வந்தது. 1969 மே இனக் கலவர ஊரடங்கில் அரங்குகள் மூடிக் கிடந்தன. 1980களில் வீடியோவும் பின்னர் பேரங்காடித் திரையரங்குகளும் ஒற்றைத் திரைக் கொட்டகைகளை அழித்தன. பிரிக்ஃபீல்ட்ஸின் லிடோ இன்று இல்லை. சைனா டவுனில் இருந்த மெட்ராஸ் தியேட்டர் 1970களின் இறுதியில் தீக்கிரையானது. அதன் பெயரைச் சுமந்த மெட்ராஸ் லேன் இன்று கறி மீக்குப் பேர்போன சீனர் உணவுச் சந்து. ஜாலான் சுல்தானில் 1947-இல் திறந்த ரெக்ஸ், 1972 தீ விபத்துக்குப் பின் 1976-இல் மறுபடி கட்டப்பட்டு, இப்போது கலைக்கூடமாகவும் புத்தகக் கடைகளாகவும் உருமாறியிருக்கிறது. கொலீசியத்தை அரசு பாரம்பரிய மையமாக்க எடுத்துக்கொள்ளும் என்று 2006-இல் அறிவிப்பு வந்தபோது எதிர்ப்பு எழுந்து திட்டம் கைவிடப்பட்டது. லோட்டஸ் ஃபைவ் ஸ்டார் நிறுவனம் அதையும், பெட்டாலிங் ஜெயாவின் ஸ்டேட், கிள்ளானின் ஸ்ரீ இந்தான் போன்றவற்றையும் ஏற்று நடத்தியதால்தான் தமிழ்ப் படங்களுக்குப் பழைய அரங்குகளில் இடம் நீடித்தது.

மலேசியத் தமிழ்ப் படத்தின் தொடக்கமாக 1960களின் இறுதியில் வந்த ‘இரத்தப் பேய்’ சுட்டப்படுகிறது. பின்னாளில் பாடகராகப் புகழ்பெற்ற மலேசியா வாசுதேவன் நடித்த இதை மலேசியத் தமிழரின் முதலீட்டில் உருவான இந்தியத் தமிழ்ப் படமாகக் கொள்வாரும் உண்டு. 1991-இல் ‘நான் ஒரு மலேசியன்’ வந்தது. தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) தோட்ட வாழ்க்கையையும், அடுத்து வந்த ‘சலங்கை’ பிரிக்ஃபீல்ட்ஸையும் களமாகக் கொண்டன. 2016-இல் கோலாலம்பூரைக் கதைக்களமாக்கிய ‘கபாலி’ மலாய்க் குரலோடும் வெளியானது. அதே ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் இல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கும் ஏற்பாட்டுக்குத் திரைத்துறையினரிடமிருந்தே கடும் எதிர்ப்பு கிளம்பியது; பிரிவுகள் திருத்தப்பட்டன. சிறந்த மலேசியத் திரைப்படத்துக்கான விருது சஞ்சய் குமார் பெருமாளின் தமிழ்ப் படமான ‘ஜகாட்’டுக்குக் கிடைத்தது.